பதுக்ககமும் பதிவும்

ஒரு கடிதத்தைக் கணிப்பொறியில் தட்டெழுதி முடித்து, 'சேமி' என்னும் கட்டளையை இடுகிறோம். கண் இமைக்கும் நேரத்திற்குள் வேலை முடிந்துவிட்டதாகத் திரை தெரிவிக்கிறது. நாமும் நிம்மதியாக நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறோம். அந்தக் கணத்தில் அக்கடிதம் உண்மையில் எங்கே இருக்கிறது? வன்தட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க் என்று கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பொருளில் இருக்கிறது என்பதுதான் நம்மில் பெரும்பாலோரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை மெய்யாவதற்குப் பல வேளைகளில் இன்னும் சில விநாடிகள் ஆக வேண்டியிருக்கிறது. அந்தச் சில விநாடிகளைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன்.

இந்தத் தாமதம் ஏன் நேர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். வன்தட்டு என்பது பெயருக்கேற்ப ஒரு சுழலும் தட்டுதான். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில், இருபத்து நான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. அத்தனை பெரிய பெட்டியில் அடங்கியவை ஏறத்தாழ ஐம்பது லட்சம் எழுத்துகளே. இன்று கையில் எடுத்துச் செல்லும் வன்தட்டு அதைப்போல் லட்சக்கணக்கான மடங்கு கொள்ளும். ஆயினும் உள்ளே நடப்பது அன்று நடந்ததேதான். தட்டு சுழல்கிறது, ஒரு கை உரிய வட்டத்திற்கு நகர்கிறது, எழுத வேண்டிய இடம் சுழன்று கைக்குக் கீழே வரும்வரை அந்தக் கை காத்திருக்கிறது. நிமிடத்திற்கு 7,200 சுற்றுச் சுழலும் தட்டுக்கு ஒரு சுற்று முடிய 8 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகிறது. கை நகரும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், ஓரிடத்தில் எழுதி முடிக்கச் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி ஆகும். அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதச் சொன்னால், விநாடிக்கு நூறு இடங்களில் எழுதுவதே அதற்குப் பெரும்பாடு.

நமக்கு இது மின்னல் வேகமாகத் தோன்றும். கணிப்பொறிக்கோ இது பொறுக்க முடியாத மந்தம். அதன் நினைவகம் ஒரு செய்தியை ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ 100 நானோ விநாடி போதும். நினைவகத்தின் வேலை ஒரு விநாடியில் முடிகிறது என்று வைத்துக்கொண்டால், அதே கணக்கில் வன்தட்டின் வேலை முடிய ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். ஒரு விநாடியில் பேசி முடிக்கும் எசமானர், ஒரு நாள் கழித்துப் பதில் சொல்லும் கணக்கரை வைத்துக்கொண்டு எப்படி வேலை நடத்துவார்? ஆனால் அந்த நினைவகத்திற்கும் ஒரு குறை உண்டு. மின்சாரம் நின்றால் அதில் உள்ளது யாவும் அக்கணமே அழிந்துபோகும்.

எனவே ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தின் ஒரு பகுதியில் குவித்துவைத்துக்கொண்டு, 'எழுதியாயிற்று' என்று உடனே பதில் சொல்லிவிடுவது. ஓய்வு கிடைத்தபோது அதை வன்தட்டில் இறக்குவது. அறுவடைக் காலத்தில் கதிரடித்த நெல்லை உழவர் உடனுக்குடன் வீட்டுக் குதிரில் கொட்டுவதில்லை. களத்தில் குவித்து, தூற்றி, அளந்து, வண்டி வந்ததும் ஏற்றி அனுப்புகிறார். களத்து நெல்லும் அவருடைய நெல்தான். கணக்கில் அதுவும் சேரும். இரவில் மழை வராத வரையில் இதில் யாதொரு சிக்கலும் இல்லை.

இந்தக் குவிப்பிடத்தை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பார்கள். ஒளித்துவைத்தல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையினின்று பிறந்த சொல் அது. தமிழில் 'பதுக்ககம்' என்று ஆக்கியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இச்சொல்லை முதன்முறை கண்டபோது அரிசி மூட்டைகளைப் பதுக்கிவைக்கும் வணிகரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இதைவிட நல்ல சொல் கிடைக்காதா என்று சில நாள் தேடியதும் உண்டு. பொருளை ஆராய ஆராய அச்சொல்லே பொருத்தமானது என்று எனக்குப் படலாயிற்று. இருக்கிறது என்று நாம் நம்பும் இடத்தில் இல்லாமல், நம் கண்ணுக்குத் தெரியாத வேறோர் இடத்தில் சரக்கு இருக்கிறது அல்லவா!

பதுக்ககத்தால் விளையும் நன்மை நேரம் மிச்சமாவது மட்டும் அன்று. தபால்காரர் ஒவ்வொரு கடிதமும் வந்து சேர்ந்தவுடன் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவதில்லை. பையில் உள்ளவற்றைத் தெரு வாரியாக, வீட்டு எண் வாரியாக அடுக்கிக்கொண்டு ஒரே நடையில் கொடுத்து முடிக்கிறார். வன்தட்டின் கையும் அவ்வாறே, குவிந்து கிடக்கும் வேலைகளை இடவாரியாக அடுக்கிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒழுங்காக நகர்கிறது. அதோடு, ஒரே பத்தியை நாம் பத்து முறை திருத்தினால் பத்து முறையும் தட்டில் எழுத வேண்டியதில்லை. கடைசித் திருத்தத்தை மட்டும் எழுதினால் போதும். இந்த வசதிகளை நீக்கிவிட்டால் இன்றைய கணிப்பொறிகளில் பொறுமையோடு வேலை செய்ய யாராலும் இயலாது. ஆகவே பதுக்ககமே கூடாது என்று வாதிடுவதில் பயன் இல்லை.

பதுக்ககம் ஒன்றுதானா என்றால், இல்லை. நாம் பயன்படுத்தும் நிரல் தனக்கென்று கொஞ்சம் குவித்துவைத்துக்கொள்கிறது. அது கீழே தள்ளியதை இயக்க முறைமை தன் பங்குக்கு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பெரிய கணிப்பொறிகளில் பல வன்தட்டுகளை ஒன்றாக இணைத்து ஆளும் அட்டை ஒன்று உண்டு. அதற்கும் ஒரு பதுக்ககம். இறுதியில் வன்தட்டுக்குள்ளேயே சிறிய நினைவகச் சில்லு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் இருப்பவர் மேலே உள்ளவருக்கு 'பெற்றுக்கொண்டேன்' என்று சீட்டுக் கொடுத்துவிடுகிறார். மேலே உள்ளவர் அதைக் 'குதிரில் சேர்ந்துவிட்டது' என்று படித்துக்கொள்கிறார்.

எந்த விபத்தில் எது போகும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். நாம் வேலை செய்துகொண்டிருந்த நிரல் மட்டும் திடீரென்று நின்றுவிட்டால், அதன் கையில் இருந்தது போகுமே தவிர, அது முன்பே இயக்க முறைமையிடம் ஒப்படைத்தது போகாது. சில விநாடிகளில் தானாக வன்தட்டுக்குச் சென்றுவிடும். இயக்க முறைமையே நிலைகுலைந்து திரை உறைந்து போயிற்று என்றால், அது வைத்திருந்ததும் போகும். ஆனால் வன்தட்டின் உள்ளே சென்றுவிட்டது பெரும்பாலும் பிழைக்கும். ஏனெனில் தட்டுக்கு மின்சாரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மின்சாரமே நின்றுவிட்டால் அந்தக் கடைசிச் சில்லில் இருந்ததும் சேர்ந்து போகும். திரை உறைந்தவுடன் பொறுமையிழந்து பொத்தானை அமுக்கி மின்சாரத்தைத் துண்டிக்கிறோமே, அப்போது இரண்டாம் வகை விபத்தை நாமே மூன்றாம் வகையாக மாற்றிக்கொள்கிறோம். அரை நிமிடம் பொறுத்து அமுக்கினால் வன்தட்டுக்குத் தன் கையில் உள்ளதை எழுதி முடிக்க அவகாசம் கிடைக்கும்.

அவகாசம் என்றேன். எவ்வளவு? பழைய யூனிக்ஸ் முறைமையில் முப்பது விநாடிக்கு ஒரு முறை நினைவகத்தில் உள்ளதைத் தட்டுக்கு இறக்குவது வழக்கம். இன்றைய லினக்ஸிலும், வேறு விதமாக மாற்றி அமைக்காவிட்டால், திருத்தப்பட்ட ஒரு பக்கம் 30 விநாடி வரை நினைவகத்தில் காத்திருக்கலாம். ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஒரு காவலாளி எழுந்து, கெடு கடந்தவை எவை என்று பார்த்து அனுப்புகிறது. யூனிக்ஸ் இயந்திரங்களைப் பராமரித்த பழைய ஊழியர்களிடையே ஒரு வேடிக்கையான வழக்கம் இருந்தது. இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன் 'சிங்க்' என்னும் கட்டளையை மூன்று முறை தட்டுவார்கள். முதல் கட்டளை வேலையைத் தொடங்கிவைக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் செய்வது வேறொன்றும் இல்லை. அவற்றைத் தட்டும் நேரத்தில் முதல் கட்டளையின் வேலை முடிந்துவிடும்!

இந்த அவகாசத்தைப் பொதுமக்களிடம் சொல்லாமல் விட்டதால் விளைந்த தொல்லைக்கு ஒரு சான்று உண்டு. 1993-ஆம் ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எம்.எஸ்.டாஸ் முறைமையின் ஆறாம் பதிப்பை வெளியிட்டது. அதில் ஸ்மார்ட்டிரைவ் என்னும் பதுக்கக நிரல் இருந்தது. தட்டில் எழுத வேண்டியதைத் தாமதித்து எழுதும் வழக்கம் அதில் இயல்பாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அக்காலத்துப் பயனாளிகளுக்கு ஓர் உறுதியான பழக்கம் உண்டு. நிரலை மூடியதும் திரையில் கட்டளைக் குறி வரும். குறி வந்தால் வேலை முடிந்தது என்று பொருள். உடனே சுவிட்சை அணைத்துவிடலாம். பல ஆண்டுகளாக இது சரியாகவே நடந்து வந்தது. புதிய பதிப்பிலோ, குறி வந்த பின்னும் பதுக்ககத்தில் சரக்கு மிச்சம் இருந்தது. பழக்கப்படி சுவிட்சை அணைத்தவர்களின் கோப்புகள் சிதைந்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த 6.2 பதிப்பில், தாமதப் பதிவு இயல்பாக இயங்காதபடி மாற்றினார்கள். அதை ஒருவர் விரும்பி இயக்கினாலும், பதுக்ககம் காலியான பிறகே கட்டளைக் குறி தோன்றும்படி செய்தார்கள். தாமதம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அது பயனாளிக்குத் தெரியும்படி ஆயிற்று. பெரும் பகுதி தீங்கு அதனாலேயே நீங்கிற்று என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது, கடைசிச் சில விநாடிகளில் எழுதியது தொலைந்துபோவதைப் பற்றி. அதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். மீண்டும் தட்டெழுதினால் ஆயிற்று. இதனினும் கொடியது ஒன்று உண்டு. அதுதான் வரிசை மாறுதல். தபால்காரர் கடிதங்களைத் தெரு வாரியாக அடுக்கும்போது, எது முதலில் எழுதப்பட்டது என்று பார்ப்பதில்லை. 'பணம் அனுப்பியிருக்கிறேன்' என்ற கடிதம் முன்னதாகவும், பணம் பின்னதாகவும் போய்ச் சேரலாம். இரண்டும் போய்ச் சேர்ந்தால் பாதகம் இல்லை. முதலாவது சேர்ந்து, இரண்டாவது வழியில் தொலைந்தால்? வங்கிக் கணக்கு ஒன்றில் கழித்தது பதிவாகி, மற்றொன்றில் கூட்டியது பதிவாகாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நம்மவர் மளிகைக் கடைகளில் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த ஒரு முறையையே கணிப்பொறி வல்லுநரும் கையாளுகிறார்கள். கடையில் நடக்கும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் கணக்குப்பிள்ளை முதலில் சிட்டாவில் வரிசையாகக் குறித்துவிடுவார். ஆள் வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவது பிறகு, ஓய்வாக. பேரேடு பாதி ஏற்றிய நிலையில் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாலும், வேறொருவர் சிட்டாவைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தரவுத்தளங்களிலும் கோப்பு முறைமைகளிலும் இந்தச் சிட்டா இருக்கிறது. எதைச் செய்யப் போகிறோம் என்பதை முதலில் அதில் எழுதி, அது தட்டில் சேர்ந்தது உறுதியான பிறகே உரிய இடத்தில் மாற்றம் செய்வது என்பது விதி. இம்முறையை முழுமையான ஒரு கோட்பாடாக வகுத்து, விபத்துக்குப் பின் சிட்டாவைக் கொண்டு தரவுத்தளத்தை எவ்வாறு மீட்பது என்று விளக்கிய 'ஏரீஸ்' என்னும் ஆய்வுரை 1992-இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர்களுள் முதல்வர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சி. மோகன் அவர்கள். உலகெங்கும் பல தரவுத்தளங்கள் அவ்வுரை காட்டிய வழியைத் தழுவியவை.

சிட்டா இருந்தால் எல்லாம் பத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. சிட்டாவில் எதை எழுதுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பல கோப்பு முறைமைகள், செலவைக் குறைப்பதற்காக, கோப்பின் பெயர், அளவு, இருப்பிடம் ஆகியவற்றை மட்டுமே சிட்டாவில் குறிக்கின்றன, உள்ளடக்கத்தைக் குறிப்பதில்லை. 2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாளும் மறுநாளும் வட இந்தியாவில் மின்தொகுப்பு நிலைகுலைந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாம் நாள் நண்பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்கள் ஒருசேர இருண்டன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. தில்லியில் ஓர் அலுவலகத்தில் என் நண்பர் ஒருவர் நாற்பது பக்க அறிக்கை ஒன்றின் மொழிபெயர்ப்பை முடித்துச் சேமித்த மறு நிமிடம் விளக்கு அணைந்தது. மேசைக்கு அடியில் இருந்த யு.பி.எஸ்.ஸின் மின்கலம் எப்போதோ உயிரை விட்டிருந்தது. மின்சாரம் வந்த பின் கோப்பு இருந்தது. பெயர் சரியாக இருந்தது. அளவும் சரியாக இருந்தது. திறந்தால் உள்ளே ஓர் எழுத்தும் இல்லை, வெறும் சுழியங்களே! உறை வந்தது, கடிதம் வரவில்லை. மறுநாள் ஒரு குழுவின் முன் வைக்கப்பட வேண்டிய அறிக்கை அது. அவர் இரவெல்லாம் விழித்திருந்து மீண்டும் மொழிபெயர்த்தார். இரண்டாவது மொழிபெயர்ப்பு முதலாவதைவிட நன்றாக அமைந்தது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். அதை ஒப்பிட்டுப் பார்க்க முதலாவது இல்லை.

2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லினக்ஸ் உலகில் இதே போன்ற ஒரு வழக்கு எழுந்தது. ext4 என்று ஆங்கில எழுத்துகளில் குறிக்கப்படும் ஒரு புதிய கோப்பு முறைமையை அப்போது உபுண்டு பதிப்பில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் திடீரென்று நின்ற பின், பலருடைய அமைப்புக் கோப்புகள் சுழியம் அளவோடு கிடந்தன. காரணம் இதுதான்: நிரல்கள் பழைய கோப்பை நேரே திருத்தாமல், புதிய கோப்பு ஒன்றை எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுவது வழக்கம். புதிய முறைமை பெயர் மாற்றத்தை உடனே சிட்டாவில் குறித்துக்கொண்டது. உள்ளடக்கத்தை எங்கே எழுதுவது என்ற முடிவையே பல விநாடி தள்ளிப்போட்டது. இடையில் விபத்து நேர்ந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அம்முறைமையின் பொறுப்பாளரான தியோடர் சோ, 'தட்டில் சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளாதது நிரல் எழுதியோரின் குறை' என்று வாதாடினார். விதிமுறைப்படி அவர் சொன்னது சரியே. நிரல் எழுதியோரோ, முந்தைய முறைமையில் பல ஆண்டுகளாகப் பத்திரமாக இருந்த பழக்கம் இப்போது மட்டும் ஏன் குற்றமாயிற்று என்று கேட்டார்கள். இறுதியில் அவரே, பெயர் மாற்றம் நிகழும்போது உள்ளடக்கத்தையும் உடன் இறக்கும்படி திருத்தம் செய்தார். எனக்கு இதில் நிரலாளர் பக்கமே மனம் சாய்கிறது. விதிநூலில் எழுதாத வாக்குறுதியானாலும், பல ஆண்டு காலம் காப்பாற்றிவந்த பின் அதைச் சொல்லாமல் விலக்கிக்கொள்வது முறையன்று.

'சேர்ந்ததா என்று கேட்பது' என்றேனே, அதற்கென ஒரு தனி அழைப்பு உண்டு. 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் பதிப்பில் 'எஃப்சிங்க்' என்னும் பெயரில் அது தோன்றியது. இந்தக் கோப்பில் நிலுவையில் உள்ள அனைத்தையும் தட்டில் இறக்கு. இறக்கி முடித்த பிறகே எனக்குப் பதில் சொல் என்பது அதன் பொருள். வங்கிகளும் இரயில்வே முன்பதிவும் போன்ற பணிகளில் இயங்கும் தரவுத்தளங்கள், 'உங்கள் பணி முடிந்தது' என்று நமக்குச் சொல்வதற்கு முன் இவ்வகை உறுதிமொழியைக் கேட்டுப் பெறவேண்டும். அப்படியானால் இந்த உறுதிமொழியே பொய்யானால் என்ன செய்வது?

பொய்யாவதற்கு இடம் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் முறைமையில் எஃப்சிங்க் அழைப்பு செய்தியை வன்தட்டு வரையில் கொண்டுசேர்க்கிறது. தட்டின் உள்ளே இருக்கும் சில்லிலிருந்து காந்தப் பரப்புக்கு இறக்கும்படி கட்டாயப்படுத்துவதில்லை. அதற்கு வேறோர் அழைப்பு வேண்டும். அந்நிறுவனமே தன் கையேட்டில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. கையேட்டைப் படிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். 2018-இல் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைப் பேணுவோர் இன்னொன்றைக் கண்டார்கள். லினக்ஸில் தட்டு பழுதுபட்டு எழுத முடியாமல் போனால், எஃப்சிங்க் ஒரு முறை 'பிழை' என்று சொல்லும். சரி, மறுபடி முயல்வோம் என்று இரண்டாம் முறை அழைத்தால், 'வெற்றி' என்று சொல்லிவிடும்! எழுதப்படாத பக்கங்களை எழுதப்பட்டவையாக முதல் பிழையின்போதே குறித்துவிடுவதுதான் காரணம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அத்தரவுத்தளம், இரண்டாவது பதிலை நம்பிவந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் வெளிவந்த திருத்தத்தில், முதல் பிழை வந்த உடனே தரவுத்தளம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, சிட்டாவிலிருந்து மீண்டும் தொடங்கும்படி மாற்றினார்கள்.

இனி, பாதுகாப்புக்கு என்ன வழி என்று பார்ப்போம். பெரிய கணிப்பொறிகளில் வன்தட்டுகளை ஆளும் அட்டையோடு ஒரு மின்கலத்தைப் பொருத்துவார்கள். மின்சாரம் நின்றாலும் பதுக்ககத்தில் இருப்பது உயிரோடு இருக்கும். மின்சாரம் திரும்பியதும் தட்டில் இறங்கும். மின்கலம் மூப்படைந்தால் அத்தகைய அட்டை பதுக்ககத்தை நம்புவதை விட்டு, நேரே தட்டில் எழுதத் தொடங்கும்படி வழக்கமாக அமைத்திருப்பார்கள். அப்போது இயந்திரம் மிகவும் மந்தமாகும். மந்தம் பொறுக்காமல், மின்கலத்தை மாற்றுவதற்குப் பதிலாக அந்தக் காப்பையே நீக்கிவிடுவோர் உண்டு. மழைக்காலத்தில் கூரையைப் பிரித்துக் காற்று வாங்குவதற்கு ஒப்பான காரியம் இது.

சுழலும் தட்டுக்குப் பதிலாக இப்போது எஸ்.எஸ்.டி. வந்துவிட்டதே, இன்னும் இந்தக் கவலை ஏன் என்று நேயர்கள் கேட்கக்கூடும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அதிலும் பதுக்ககம் உண்டு. அதோடு, எந்தச் செய்தி எந்தச் சில்லில் இருக்கிறது என்னும் முகவரிப் பட்டியல் ஒன்றையும் அது ஓயாது திருத்திக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் அந்நேரத்தில் நின்றால், புதிதாக எழுதியது மட்டுமன்றிப் பழையதும் பாழாகலாம். 2013-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் எச்.பி. ஆய்வுக்கூடத்தாரும் பதினைந்து எஸ்.எஸ்.டி.களை வாங்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்தார்கள். பதினைந்தில் பதின்மூன்று ஏதேனும் ஒரு வகையில் பிசகின. எழுத்துகள் சிதைந்தவை சில. பாதி எழுதிய நிலையில் நின்றவை சில. முற்றிலும் இயங்காமல் போனதும் உண்டு. வணிக நிறுவனங்களுக்கென்று விற்கப்படும் உயர்ந்த வகைகளில் வரிசையாகச் சிறு மின்தேக்கிகளை வைத்திருப்பார்கள். மின்சாரம் நின்ற பிறகும், கையில் உள்ளதை எழுதி முடிக்கப் போதுமான ஆற்றலை அவை தரும். வீட்டுக் கணிப்பொறிக்கு என்று விற்கப்படும் மலிவான வகைகளில் பெரும்பாலும் இது இராது. விளம்பரத்தில் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடும் உற்பத்தியாளர்கள், இந்தக் காப்பு உண்டா இல்லையா என்பதையும் பெட்டியின் மேல் அச்சிட்டால் வாங்குபவருக்குப் பேருதவியாக இருக்கும்.

யு.பி.எஸ். மிகவும் பயனுள்ளது, மடிக்கணிப்பொறியின் மின்கலமே ஒரு யு.பி.எஸ். போலத்தான். ஆயினும் அது காப்பது மின்வெட்டிலிருந்து மட்டும். இயக்க முறைமை நிலைகுலைந்தாலோ, யு.பி.எஸ்.ஸுக்கும் இயந்திரத்துக்கும் இடையே உள்ள கம்பியில் யாரேனும் கால் தட்டினாலோ அது உதவாது. பேனா வடிவில் வரும் சிறு சேமிப்புக் கருவிகளைப் பொறுத்தவரை, விண்டோஸ் 10 முறைமையின் 1809 என்னும் பதிப்பு முதல், தாமதப் பதிவு இல்லாத அமைப்பே இயல்பாக இருக்கிறது. வேகத்தை விட்டுக்கொடுத்துப் பத்திரத்தை வாங்கியிருக்கிறார்கள். அதற்காக, நகலெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கருவியைப் பிடுங்கலாம் என்று ஆகாது.

உங்கள் வன்தட்டு உண்மை சொல்கிறதா என்று எப்படி அறிவது? 2005-ஆம் ஆண்டு ஜனவரியில், லைவ்ஜர்னல் என்னும் இணையப் பணியின் இயந்திரங்கள் இருந்த மையம் முழுவதிலும் மின்சாரம் நின்றது. மீண்டும் வந்த பின், பத்திரமாக எழுதியதாகச் சொல்லப்பட்டவற்றுள் சில காணப்படவில்லை. அப்பணியைத் தொடங்கிய பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக், அதற்குப் பின் எளிய சோதனை நிரல் ஒன்றை எழுதி வெளியிட்டார். அதற்கு இரண்டு கணிப்பொறிகள் வேண்டும். முதலாவது, வன்தட்டில் ஒவ்வொன்றாக எழுதி, எஃப்சிங்க் செய்து, 'சேர்ந்தது' என்று தட்டு சொன்னவுடன் அதை இரண்டாவது கணிப்பொறிக்குத் தெரிவிக்கிறது. இரண்டாவது வெறும் சாட்சி, கேட்டதையெல்லாம் குறித்துக்கொள்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது முதல் கணிப்பொறியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். இயந்திரத்தின் பொத்தானை அமுக்கினால் போதாது. கம்பியையே பிடுங்க வேண்டும். சற்று நேரம் கழித்து மீண்டும் இணைத்து, சாட்சி குறித்துவைத்த பட்டியலையும் தட்டில் இருப்பதையும் நிரல் ஒப்பிடுகிறது. பட்டியலில் இருந்து தட்டில் இல்லாதது ஒன்றேனும் அகப்பட்டால், அந்தத் தட்டின் பதுக்ககத்தை அணைத்துவைக்க வேண்டும். அணைத்தும் பிழை தொடர்ந்தால் வேறு தட்டு வாங்க வேண்டியதுதான்.